கோழிக் கூடத்தில் கிருமிநீக்கத் தெளிப்பு நீரைச் சுழற்றிப் பயன்படுத்துவது எப்படி

கோழி வெட்டும் கூடத்தில் 20 நாசில் (நீர் தெளிக்கும் முனை) உள்ள ஒரு தெளிப்புப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு நாசில் நிமிடத்துக்கு 1.9 லிட்டர் அடிக்கிறது. 8 மணி நேர ஷிப்ட் முடியும்போது 18,240 லிட்டர் நீர், கோழியை ஒரே ஒரு தடவை தொட்டுவிட்டுக் கழிவுநீர்க் குழாய்க்குப் போயிருக்கும். அதில் கிருமியைக் கொல்லும் பெராசிட்டிக் அமிலம் 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு) இருந்தால், டிரம்மில் வாங்கும் 15 விழுக்காட்டு அமிலச் சரக்கில் சுமார் 22 லிட்டரும் கூடவே போய்விடும்.

அதே பெட்டியின் கீழே நீரைப் பிடித்து, வடிகட்டி, 500 லிட்டர் டேங்க் வழியாகச் சுழற்றலாம். சுழலும் நீரில் பத்தில் ஒரு பங்கைத் தொடர்ந்து வெளியேற்றிப் புது நீர் சேர்க்கவேண்டும், ஷிப்டின் நடுவில் ஒருமுறை முழு டேங்கையும் கொட்டி மாற்றவேண்டும். இப்படிச் செய்தால் மொத்தத் தேவை 2,824 லிட்டர்தான். ஏறக்குறைய 15.4 கன மீட்டர் மிச்சம். சிங்கப்பூரில் ஏப்ரல் 2025 முதல் நடப்பில் உள்ள கன மீட்டருக்கு 3.24 வெள்ளிக் கட்டணத்தில் அது நாளுக்கு 50 வெள்ளி. இந்த 50 வெள்ளியை மட்டும் நம்பி இயந்திரம் வாங்காதீர்கள். பெரிய மிச்சம் ரசாயனத்தில்தான் இருக்கிறது. வெறும் கணக்குப்படி 22 லிட்டர் 3.4 லிட்டராகக் குறையவேண்டும். ஆனால் சுழலும் நீரில் இருக்கும் ரத்தமும் கொழுப்பும் அமிலத்தைத் தின்பதால் உண்மைச் செலவு இதைப்போல் இரு மடங்கோ அதற்கு மேலோ ஆகும். அப்போதும் லாபம்தான்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் தொடங்கும்போது டேங்கில் கலந்த 200 பிபிஎம் வேறு, மூன்று மணி நேரம் கழித்துக் கோழியின் மேல் விழுவது வேறு. 500 லிட்டர் டேங்கை நிமிடத்துக்கு 38 லிட்டர் வேகத்தில் சுழற்றினால் 13 நிமிடத்துக்கு ஒருமுறை முழு நீரும் கோழிமேல் பட்டுத் திரும்புகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அழுக்கு ஏறுகிறது, அமிலம் இறங்குகிறது. அளக்கவும் உரிய நேரத்தில் கொட்டவும் முடியாத இடத்தில் சுழற்சி வேண்டாம். அங்கே ஒருமுறை அடித்து விட்டுவிடுவதே பாதுகாப்பு.

எந்த நீர் எங்கே போகலாம்

நீர் சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்குத்தான் போகவேண்டும், ஒருபோதும் எதிர்த்திசையில் அல்ல. கடைசிப் பெட்டியில் பிடித்த நீரை அதற்கு முந்திய பெட்டிக்கு அனுப்பலாம். அங்கே பயன்பட்டபின் உயிர்க்கோழிக் கூடைகளைக் கழுவும் முதல் அலசலுக்குக் கொடுக்கலாம். கூடை கழுவிய நீர் அதோடு முடிந்தது, அது எங்கேயும் திரும்பக்கூடாது. கோழி பொட்டலத்துக்குள் போகுமுன் அதன்மேல் படும் கடைசித் தெளிப்பு எப்போதும் புது நீராக இருக்கட்டும்.

பச்சை இறைச்சிப் பக்கத்து நீர் சமைத்த உணவுப் பக்கத்துக்குப் போகவே கூடாது. மீனையும் இறாலையும் கழுவிய நீர் கோழிக்கு வரக்கூடாது, அதில் கிருமியோடு ஒவ்வாமைப் பிரச்சினையும் சேர்ந்து வரும். முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தரும் ஹலால் சான்றிதழ் பெற்ற வரிசையின் குழாயும் டேங்கும் முற்றிலும் தனியாக இருக்கவேண்டும். வால்வை மூடிவிட்டால் தனி என்று எண்ணவேண்டாம். வால்வு கசியும், யாராவது திறந்தும் வைப்பார்கள்.

சேர்க்கும் நீர் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் குடிநீர்க் குழாயிலிருந்து வரவேண்டும். தொழிற்சாலைக்குத் தனிக் குழாயில் வரும் நியூவாட்டரை (சுத்திகரித்த மறுபயன்பாட்டு நீரை)க் குளிரூட்டும் கோபுரத்துக்கும் தரை கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள்.

உணவின்மேல் நேரடியாகப் படும் ரசாயனம் எதுவானாலும், எந்த அளவில், எந்தப் பொருளுக்கு என்று சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். இயந்திரத்தோடு வரும் கையேட்டின் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது ஆபத்து. அமெரிக்காவில் கோழிக்கு 2,000 பிபிஎம் வரை பெராசிட்டிக் அமிலத்தை அனுமதிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் கோழி உடலைக் குடிநீரால் மட்டுமே கழுவலாம். ஒரே இயந்திரம்தான் இரண்டு சந்தைக்கும் விற்கப்படுகிறது.

இந்தக் கட்டுரை பெராசிட்டிக் அமிலத்தை வைத்தே போகிறது. குளோரின் சுழற்சிக்கு ஒத்துவராது. ரத்தமும் புரதமும் பட்டவுடன் அது குளோரமைனாக மாறி வலு இழக்கிறது, பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7.5-ஐத் தாண்டினால் வேலை செய்யும் பகுதி பாதிக்கும் கீழே போகிறது, சுற்றச் சுற்றக் கண் எரியும் நெடியும் ஏறுகிறது.

பாகங்கள்

பெட்டியின் அடித்தட்டு நன்றாகச் சரிந்திருக்கவேண்டும். தேங்கும் மூலை ஒன்று இருந்தால் போதும், அங்கே இறகும் கொழுப்பும் சேர்ந்து நாள் முழுவதும் அமிலத்தைக் குடிக்கும். அடித்தட்டிலிருந்து வரும் நீர் முதலில் 0.5 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள கம்பிச் சல்லடையில் விழட்டும். சுழலும் உருளைச் சல்லடை கிடைத்தால் இன்னும் நல்லது, அது தன்னைத்தானே துடைத்துக்கொள்ளும். அதன்பின் டேங்க், பம்ப், 200 மைக்ரான் பை ஃபில்டர், பிறகு நாசில். ஃபில்டரை இரட்டையாகப் போடுங்கள். ஒன்றைக் கழற்றும்போது மற்றது ஓடட்டும். முன்னும் பின்னும் அழுத்தமானி வைத்து, வித்தியாசம் 1 பார் நெருங்கும்போது மாற்றுங்கள். அதற்குமேல் விட்டால் பை கிழிந்து, பிடித்து வைத்த அழுக்கெல்லாம் ஒரே நேரத்தில் நாசிலுக்குப் போகும்.

நிமிடத்துக்கு 1.9 லிட்டர் அடிக்கும் தட்டை விசிறி நாசிலின் துளை சுமார் 2 மில்லிமீட்டர். ஃபில்டரின் துளை அதில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. நாசிலைச் சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. அளவுக் குவளையை 30 விநாடி பிடியுங்கள், 950 மில்லி வரவேண்டும். பத்து விழுக்காடு கூடினால் நாசில் தேய்ந்துவிட்டது, குறைந்தால் அடைத்திருக்கிறது. விசிறியின் வடிவத்தையும் பாருங்கள். நடுவில் கோடுபோல ஒரு வெற்றிடம் தெரிந்தால், எண் சரியாக இருந்தாலும் கோழியின் இறக்கைக்கு அடியில் ஒரு கீற்று நனையாமலே போகிறது.

உலோகம் முழுவதும் 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். பித்தளை இணைப்பு, செம்புக் குழாய், துருப்பிடித்த இரும்பு நட்டு, எதுவும் வேண்டாம். இரும்பும் செம்பும் பெராசிட்டிக் அமிலத்தைச் சிதைக்கும் ஊக்கிகள். காரணமே தெரியாமல் அமிலம் இறங்கிக்கொண்டே போனால், யாரோ அவசரத்துக்குப் போட்ட பித்தளை வால்வு ஒன்று எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். சீல்களுக்கு இபிடிஎம் ரப்பர் அல்லது டெஃப்லான் நல்லது. நைட்ரைல் ரப்பர் உப்பி வெடித்துவிடும்.

டேங்கைத் தேவைக்கு மேல் பெரிதாக வாங்காதீர்கள். டேங்க் பெரிதானால் அழுக்கு மெதுவாகத் தெரியும், கொட்டும்போது அதிகம் போகும், கொட்ட மனமும் வராது.

கலக்கும் கணக்கு

15 விழுக்காட்டுச் சரக்கின் அடர்த்தி லிட்டருக்கு ஏறத்தாழ 1.1 கிலோ. அப்படியென்றால் ஒரு லிட்டரில் சுமார் 165 கிராம் பெராசிட்டிக் அமிலம் இருக்கிறது. 200 பிபிஎம் என்றால் லிட்டருக்கு 0.2 கிராம், ஆகவே 500 லிட்டர் டேங்குக்குத் தேவை 100 கிராம். 100-ஐ 165-ஆல் வகுத்தால் 0.606 லிட்டர், அதாவது 606 மில்லி. உங்கள் சரக்கின் சான்றிதழில் உள்ள விழுக்காட்டையும் அடர்த்தியையும் போட்டு இதைத் திரும்பக் கணக்கிடுங்கள். பழைய சரக்கு லேபிளில் உள்ளதைவிட வலு குறைந்திருக்கும்.

1. டேங்கில் முக்கால் பங்கு நீர் நிரப்புங்கள், பம்பைச் சுற்றுப்பாதையில் ஓடவிடுங்கள்.
2. டோசிங் பம்ப் (அளந்து செலுத்தும் பம்ப்) வழியாகச் சரக்கை நீருக்குள் செலுத்துங்கள். சரக்கின்மேல் நீர் ஊற்றாதீர்கள்.
3. மீதி நீரை நிரப்பி, 10 நிமிடம் சுழலவிடுங்கள்.
4. மாதிரியை டேங்கில் எடுக்காமல் கடைசி நாசிலில் எடுத்து அளவுங்கள். எண் வந்தபின்தான் கோழிகளைத் தூக்கிச் செல்லும் சங்கிலியை ஓட்டுங்கள்.

அளப்பது

சொட்டு டைட்ரேஷன் கிட் (நிறம் மாறும்வரை ரசாயனத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் பெட்டி) போதும், ஆனால் வரிசை மாறக்கூடாது. சரக்கில் பெராசிட்டிக் அமிலத்தோடு ஹைட்ரஜன் பெராக்சைடும் இருக்கிறது. முதலில் ஃபெரோயின் என்ற நிறங்காட்டியைப் போட்டு சீரிக் சல்ஃபேட்டால் பெராக்சைடை முடித்துவிட்டு, அதே குடுவையில் பொட்டாசியம் அயோடைடும் ஸ்டார்ச்சும் சேர்த்து தயோசல்ஃபேட் சொட்டுங்கள். கருநீலம் மறையும் முதல் சொட்டே உங்கள் எண். சிறிது நேரம் வைத்திருந்தால் நீலம் மெல்லத் திரும்பி வரும். அது மிஞ்சிய பெராக்சைடின் வேலை. அதையும் துரத்திச் சொட்டிக்கொண்டே போனால் அமிலம் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும், வலுவிழந்த நீரை நல்ல நீர் என்று நம்பிவிடுவீர்கள்.

சோதனைத் தாள் பயன்படுத்துவோர் முதலில் வெறும் குழாய் நீரில் ஒரு தாளை நனைத்துப் பாருங்கள். சிங்கப்பூர்க் குடிநீரில் குளோரமைன் இருக்கிறது. மொத்தக் குளோரினைக் காட்டும் தாளிலும் டிபிடி என்ற நிறச் சோதனையிலும் அதுவும் நிறம் காட்டும். அந்த அளவைக் கழித்துக்கொள்ளவேண்டும்.

தானியங்கிக் கட்டுப்பாட்டுக்கு ஓஆர்பி மின்முனையை (நீரின் ஆக்சிஜனேற்றத் திறனை மின்னழுத்தமாகக் காட்டுவதை) நம்பாதீர்கள். 100 பிபிஎம்முக்கும் 200 பிபிஎம்முக்கும் அது காட்டும் வித்தியாசம் சொற்பம். பெராசிட்டிக் அமிலத்துக்கென்றே வரும் ஆம்பெரோமெட்ரிக் மின்முனை (மின்னோட்டத்தை வைத்து அளப்பது) வாங்குங்கள். அதன் சவ்வில் கொழுப்பு படியும், ஷிப்டுக்கு ஒருமுறை துடைக்கவேண்டும். கொழுப்பு படிந்த மின்முனை குறைவாகக் காட்டும், டோசிங் பம்ப் சளைக்காமல் ஊற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே உச்ச வரம்பு அலாரத்தைக் கட்டாயம் வையுங்கள். கையால் செய்யும் டைட்ரேஷன் 30 நிமிடத்துக்கு ஒருமுறை தொடரட்டும்.

இடைவேளைக்குப் பிறகு சோதிக்க மறக்கக்கூடாது. சங்கிலி நின்றாலும் டேங்கில் உள்ள அழுக்கு அமிலத்தைத் தின்பதை நிறுத்தாது. அரை மணி நேர உணவு இடைவேளை முடிந்து வரும்போது எண் இறங்கியிருக்கும். முதல் கோழி பெட்டிக்குள் நுழையுமுன் அளந்து, ஏற்றி, மறுபடி அளவுங்கள்.

எப்போது கொட்டுவது

பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது. எண் இறங்கினால் அமிலம் ஏற்று, எண் ஏறினால் எல்லாம் சரி என்று ஓட்டுவார்கள். அமிலம் சேர்ப்பதால் எண் மட்டும்தான் சரியாகிறது. நீரில் கரைந்த புரதமும் கொழுப்பும் குறைவதில்லை. பெராசிட்டிக் அமிலம் சிதைந்து அசிட்டிக் அமிலமாகத் தங்குகிறது, பிஎச்சைச் சரிசெய்யச் சோடா சேர்த்தால் உப்பும் ஏறுகிறது. காலை 200 பிபிஎம்மும் நான்காம் மணி நேரத்து 200 பிபிஎம்மும் ஒரே வேலையைச் செய்வதில்லை. கலங்கிய நீரில் கிருமி கொழுப்புத் துகளுக்குள் ஒளிந்துகொள்கிறது, அமிலம் அதைத் தொடுமுன் துகளோடு மல்லுக்கட்டித் தீர்ந்துவிடுகிறது.

எத்தனை மணி நேரத்தில் கொட்டுவது என்பதற்குப் பொது எண் கிடையாது. கோழியின் எடை, சங்கிலியின் வேகம், முந்திய கழுவல் எவ்வளவு நன்றாக இருக்கிறது, எல்லாம் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன. உங்கள் கூடத்தில் நீங்களே கண்டுபிடிக்கவேண்டும்.

மூன்று வேலை நாள்களை ஒதுக்குங்கள். அதில் ஒன்று கூட்டம் அதிகமான நாளாக, சந்தைக்குக் கோழி கூடுதலாகப் போகும் பண்டிகை வாரத்து நாளாக இருக்கட்டும். 30 நிமிடத்துக்கு ஒருமுறை நாசிலிலும் திரும்பும் குழாயிலும் மாதிரி எடுங்கள். அமிலம், பிஎச், வெப்பம், கலங்கல் ஆகியவற்றை உடனே அளந்து எழுதுங்கள். மொத்தக் கிருமி எண்ணிக்கைக்கும் குடல் கிருமிக்கும் தனி மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். பெட்டிக்குள் போகுமுன்னும் வந்தபின்னும் கோழியிலும் மாதிரி வேண்டும். நீர் மட்டும் சுத்தமாக இருந்து பயனில்லை.

ஆய்வுக்கூட மாதிரிப் புட்டியில் சோடியம் தயோசல்ஃபேட் போன்ற முறிப்பான் இருந்தே ஆகவேண்டும். அது இல்லாவிட்டால் அமிலம் புட்டிக்குள்ளும் தொடர்ந்து கிருமியைக் கொன்றுகொண்டிருக்கும், அறிக்கை பொய்யாக நல்லபடியாக வரும். சுழற்சி முறையில் கிடைக்கும் மிக அழகான அறிக்கைகளில் முதலில் சந்தேகிக்கவேண்டியது இதைத்தான்.

மூன்று நாள் எண்களையும் ஒரே தாளில் வரையுங்கள். கோழியில் கிருமிக் குறைவு எந்த நேரத்தில் தளரத் தொடங்குகிறது, அப்போது கலங்கல் எவ்வளவு என்று பாருங்கள். நான்காம் மணியில் தளர்ந்தால் மூன்றாம் மணியில் கொட்டுங்கள். அந்தக் கலங்கல் அளவு அதற்கு முன்பே வந்துவிட்டால் அப்போதே கொட்டுங்கள். இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் விதி. வேலை எல்லைகளையும் இதோடு எழுதி ஒட்டுங்கள். உதாரணமாக இலக்கு 200, 180-க்குக் கீழே போனால் ஏற்று, 150-க்குக் கீழே போனால் சங்கிலியை நிறுத்து, கடைசியாக நல்ல எண் வந்த நேரத்திலிருந்து போன கோழிகளைத் தனியே பிடித்து வை. பிந்தியதை எழுதாமல் விட்டால், நிறுத்திய பிறகு யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது.

நீரை இரவு முழுவதும் டேங்கில் வைத்து மறுநாள் தொடர்வது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது.

வழக்கமான கோளாறுகள்

திரும்பும் தொட்டியில் இளஞ்சிவப்பு நுரை பொங்கினால் ரத்தம் அதிகமாக வருகிறது என்று அர்த்தம். ரத்தத்தில் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடை உடைத்து ஆக்சிஜன் விடுகிறது, அந்தக் குமிழிகள்தான் நுரை. உடனே நுரைநீக்கி ஊற்றத் தோன்றும். அதற்குமுன் ரத்தம் வடியும் நேரத்தையும் பெட்டிக்கு முந்திய அலசலையும் பாருங்கள். நுரை பம்புக்குள் போனால் காற்று அடைத்து அழுத்தம் துள்ளும், நாசில் விட்டுவிட்டு அடிக்கும்.

வெப்பத்தில் இரண்டு பக்கமும் இடி. நம் குழாய் நீர் 28, 29 டிகிரியில் வருகிறது. அந்த வெப்பத்தில் கோழிக் கொழுப்பு பாதி உருகி ஃபில்டரைத் தாண்டி நீரோடு கலந்துவிடும், அமிலமும் சீக்கிரம் சிதையும். நீரைக் குளிரவைத்தால் அமிலம் நிற்கும், ஆனால் கொழுப்பு மெழுகுபோல் உறைந்து சல்லடையை அடைக்கும். குளிர்ந்த நீரும் அடிக்கடி சல்லடை சுரண்டலும்தான் நல்ல தேர்வு. சல்லடையில் உறைந்த கொழுப்பை வாளியில் வெளியே எடுத்துவிடலாம். நீரில் கலந்த கொழுப்பை எடுக்க வழியில்லை.

புறஊதா விளக்கோ ஓசோனோ வைத்தால் கொட்டவே வேண்டாம் என்று விற்பனையாளர் சொன்னால் நம்பாதீர்கள். கலங்கிய நீரில் ஒளி ஊடுருவாது.

ஷிப்ட் முடிந்ததும்

முழுவதும் வடித்து, 40 முதல் 45 டிகிரி நீரில் அலசுங்கள். அதைவிடச் சூடாகத் தொடங்கினால் புரதம் வெந்து எஃகில் ஒட்டிக்கொள்ளும். பிறகு 1 முதல் 2 விழுக்காட்டுக் காஸ்டிக் சோடா, 60 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம், நாசில் வழியாகவே சுழலவேண்டும். நன்றாக அலசுங்கள், மிஞ்சிய காரம் மறுநாள் அமிலத்தைச் சிதைக்கும். குழாயில் நீர் ஓடாத முட்டுக் கிளை, விட்டத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் நீளமாக இருந்தால் வெட்டி எறியுங்கள், அங்கே வழுவழுப்புப் படலம் வளரும். டேங்கைத் திறந்து காயவிடுங்கள். விரலால் உட்சுவரைத் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் மறுபடி கழுவவேண்டும்.

ஆளுக்கும் சாக்கடைக்கும்

பெராசிட்டிக் அமில ஆவிக்கு அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர் அமைப்பு பரிந்துரைக்கும் குறுகிய நேர வரம்பு, 15 நிமிடச் சராசரியாக 0.4 பிபிஎம். பெட்டிக்கு வெளியே வினிகர் நெடி சுருக்கென்று ஏறிக் கண்ணில் நீர் வந்தால், பழகிவிடும் என்று விடாமல் காற்றை உறிஞ்சும் விசிறியைச் சோதியுங்கள். பெட்டியைத் திறக்குமுன் தெளிப்பை நிறுத்தி ஆவி வெளியேறக் காத்திருங்கள். சரக்கைக் கையாளும்போது முகக்கவசம், கண்ணாடி, பியூட்டைல் கையுறை, அருகில் கண் கழுவும் குழாய் இருக்கவேண்டும். டிரம்மின் காற்றுத்துளை மூடியை மாற்றி இறுக்கமான மூடி போடாதீர்கள், உள்ளே ஆக்சிஜன் சேர்ந்து டிரம் வீங்கி வெடிக்கும். வெயில் படாத, 30 டிகிரிக்குக் கீழான அறையில் வையுங்கள். எடுத்த சரக்கில் மிஞ்சியதை டிரம்முக்குள் திரும்ப ஊற்றக்கூடாது. சிந்தினால் நிறைய நீரால் நீர்க்கச் செய்யுங்கள். துணியாலோ மரத்தூளாலோ துடைத்துக் குப்பைத்தொட்டியில் போட்டால் அது பற்றிக்கொள்ளலாம். ப்ளீச்சை அதன் பக்கத்திலேயே வைக்காதீர்கள். அமிலத்தோடு கலந்தால் குளோரின் வாயு வரும்.

சுழற்சி தொடங்கிய கூடங்கள் எதிர்பாராமல் மாட்டிக்கொள்வது கழிவுநீரில்தான். ரத்தமும் கொழுப்பும் முன்பு இருந்த அளவேதான், ஆனால் அவற்றைச் சுமக்கும் நீர் ஆறில் ஒரு பங்காகிவிட்டது. முன்பு வரம்புக்குள் இருந்த அதே அழுக்கு இப்போது வரம்பைத் தாண்டும். பொதுக் கழிவுநீர்க் குழாய்க்குப் போகும் தொழிற்சாலைக் கழிவுக்கு வரம்பு: பிஓடி (நுண்ணுயிரிகள் அழுக்கைச் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன்) 400, சிஓடி (அழுக்கை ரசாயன முறையில் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன்) 600, நீரில் கரையாமல் மிதக்கும் திடப்பொருள் 400, எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராமில். பிஎச் 6-க்கும் 9-க்கும் இடையில் இருக்கவேண்டும். 200 பிபிஎம் கரைசலின் பிஎச் 4-ஐ ஒட்டி இருக்கும். 500 லிட்டரை ஒரே மூச்சில் திறந்துவிடாமல் சமன்படுத்தும் டேங்குக்கு அனுப்பி, தயோசல்ஃபேட்டால் மிஞ்சிய அமிலத்தை முறித்து, பிஎச் சரிசெய்து, மற்றக் கழிவுநீரோடு மெதுவாக விடுங்கள். உயிரியல் சுத்திகரிப்பு உள்ள கூடங்கள் இதில் இன்னும் கவனமாக இருக்கவேண்டும், முறிக்காத அமிலம் அங்குள்ள நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும். சுழற்சியைத் தொடங்குமுன்பே பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் கழிவுநீர் மாறப்போவதைத் தெரிவித்து, கொட்டும் நேரத்தையும் அளவையும் எழுதிக் கொடுங்கள்.